உள்ளதா மக்கா? குமரி மாவட்டத்தின் நம்ப முடியாத தகவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீக்கடையிலோ கல்யாணப் பந்தியிலோ யாராவது ஒரு புதுத் தகவலை எடுத்துவிட்டால் குமரி மாவட்டத்தில் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "உள்ளதா மக்கா?" அல்லது "சும்மா அளக்காதடே." இரண்டுக்கும் பதில் சொல்லக் கையில் விவரம் இருக்க வேண்டும். எது நிஜம், எது ஊதிப் பெருத்தது, எதை நீங்களே போய்ச் சோதிக்கலாம் என்பதைக் கேள்வி வாரியாகக் கீழே தந்திருக்கிறோம்.

குமரி மாவட்டம் முன்பு கேரளாவில் இருந்ததுதானே?

கேரள மாநிலத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. இதைச் சொன்னால் உள்ளூர்க்காரர்களே திடுக்கிடுவார்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கேரளம் என்ற மாநிலம் பிறந்ததும் அதே 1956 நவம்பர் 1 அன்றுதான். இரண்டுக்கும் ஒரே பிறந்தநாள்.

"கேரளாவில் இருந்தது" என்று சொல்வது பேச்சுவழக்கில் பெரிய குற்றமில்லை. ஆனால் இந்த இணைப்புக்காக மார்ஷல் நேசமணி தலைமையில் ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர்கள் போராடியது எந்த மாநிலத்திலிருந்து பிரிய என்பதைச் சரியாகச் சொல்வதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அப்படியென்றால் பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் ஏன் கேரள அரசிடம் இருக்கிறது?

மண் தமிழ்நாட்டுடையது, அரண்மனை நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. தக்கலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கல்குளம் தாலுகாவுக்குள் இருந்தும் இந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. திருவிதாங்கூரின் தலைநகரம் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை ஆட்சி நடந்த இடம் இதுதான்.

போகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது கிழமையில். திங்கட்கிழமை விடுமுறை. வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வந்து கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். அது ஒருவகையில் நல்லதுதான், ஏனென்றால் இந்த அரண்மனையின் அதிசயங்களில் ஒன்று பாதத்துக்கு அடியில் இருக்கிறது. கறுப்பாக, முகம் தெரியும் அளவுக்கு மினுங்கும் அந்தத் தரையில் சிரட்டைக்கரி (கொட்டாங்குச்சிக் கரி), சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்திருப்பதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். வெயில் நேரத்தில் வெறும் காலோடு நின்றால் அதன் குளிர்ச்சி உடனே தெரியும்.

கன்னியாகுமரியில் மூன்று கடல் சேர்கிறது என்பது பொய்யா?

நம் வழக்கில் அது உண்மை. வங்காள விரிகுடா, அரபிக்கடல், இந்தியப் பெருங்கடல் என்று முக்கடலும் கூடும் இடமாக நினைத்துத்தான் மக்கள் நீராடுகிறார்கள். கடல்களுக்கு எல்லை வகுக்கும் பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பு 1953-ல் வெளியிட்ட பட்டியலில் கணக்கு வேறு. அதன்படி வங்காள விரிகுடாவின் எல்லை ராமர் பாலத்திலும் இலங்கையின் தேவேந்திரமுனையிலும் நின்றுவிடுகிறது. இங்கே காலை நனைக்கும் தண்ணீருக்கு அந்தப் பட்டியலில் பெயர் லட்சத்தீவுக் கடல்.

சங்கமத்தில் நின்று "இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் நீலம், கோடு தெரிகிறது பார்" என்று காட்டுவார்கள். நிற வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் நாட்கள் உண்டு. அதற்குக் காரணம் ஆழமும், அலை கலக்கும் மணலும், மேகமும், வெயில் விழும் கோணமும். மறுநாள் போனால் அந்தக் கோடு வேறு இடத்தில் இருக்கும்.

இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரிதானா?

இந்தியப் பெருநிலப்பரப்பின் தென்கோடி கன்னியாகுமரி. நாட்டின் தென்கோடி கிரேட் நிகோபார் தீவின் இந்திரா முனை. வினாடி வினாவில் "பெருநிலப்பரப்பு" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று மட்டும் வெயில் விழுவது எப்படி?

1948 பிப்ரவரி 12 அன்று காந்தியின் அஸ்தியைக் கடலில் கரைக்கும் முன் மக்கள் அஞ்சலிக்காக வைத்திருந்த இடத்தில்தான் மண்டபம் எழுந்தது. கட்டி முடித்தது 1956-ல். கூரையில் ஒரு துவாரம். அக்டோபர் 2 நண்பகலில் அதன் வழியே வரும் வெயில் அஸ்தி இருந்த பீடத்தில் விழுகிறது. இது உண்மை, மந்திரமில்லை. கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அந்தக் கணக்குத்தான் ரசிக்க வேண்டியது.

கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகை. அக்டோபர் 2 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் மூன்றரைப் பாகையில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலிருந்து தெற்கே பதினொன்றரைப் பாகை சாய்ந்திருக்கும். துவாரத்தையும் பீடத்தையும் இணைக்கும் கோடு அந்தச் சாய்வில் இருந்தால் போதும்.

"அன்று மட்டும்" என்ற சொல்லைத்தான் திருத்த வேண்டும். சூரியன் தெற்கே போகும்போது ஒரு கோணத்தைக் கடந்தால், திரும்பி வரும்போதும் அதே கோணத்தைக் கடந்தாக வேண்டும். அதனால் மார்ச் 11 சுற்றிலும் உச்சி வெயில் இதே சாய்வில்தான் இறங்கும். அக்டோபர் 1, 3 தேதிகளிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. துவாரம் தரையிலிருந்து எத்தனை அடி உயரமோ, அதில் ஒவ்வொரு 10 அடிக்கும் வெயில் வட்டம் ஒரு நாளில் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் நகரும்.

நேரத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தில். கன்னியாகுமரி அதற்கு மேற்கே, 77.5 பாகையில் இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வர 20 நிமிடம் தாமதம். அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் கடிகாரத்தை விடச் சுமார் 11 நிமிடம் முந்தி ஓடுவதால், கழித்துப் பார்த்தால் அன்றைய உச்சி 12 மணி 9 நிமிடத்தை ஒட்டி வரும். மார்ச் 11 அன்று இந்தக் கணக்கு தலைகீழாகி 12.30 ஆகிவிடும். கிழக்கு மேற்காக வெயில் வட்டம் விரைவாக நகரும்: 10 அடி உயரத்துக்கு நான்கு நிமிடத்தில் இரண்டு அங்குலம். கூட்டம் அதிகமிருக்கும், அதனால் 11.30-க்கே போய் இடம் பிடியுங்கள். மேகம் மூடினால் ஒன்றும் செய்ய முடியாது.

மண்டபத்தின் உயரம் 79 அடி என்பதும் காந்தி மறைந்தபோது நடந்த 79-வது வயதை வைத்து அமைத்ததுதான்.

சூரியன் மறைவதையும் சந்திரன் உதிப்பதையும் ஒரே நேரத்தில் பார்ப்பது உலகிலேயே இங்கு மட்டும்தான் என்கிறார்களே?

பௌர்ணமி என்றாலே பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், நேர் எதிர்ப்பக்கம் சந்திரன். அப்படியிருந்தால் ஒன்று மறையும்போது மற்றது உதிக்கத்தான் செய்யும். தஞ்சாவூர் வயலில் நின்றாலும் அப்படித்தான். கன்னியாகுமரிக்குள்ள சிறப்பு, நின்ற இடத்தில் நின்று தலையைத் திருப்பினால் இரண்டு பக்கமும் கடல். மரமோ மலையோ கட்டடமோ குறுக்கே வராது. அது எத்தனையோ ஊருக்கு இல்லாத பாக்கியம். "உலகிலேயே" என்ற சொல்லைச் சேர்க்காமலே பெருமைப்படலாம்.

சித்ரா பௌர்ணமிக்கு வந்துவிட்டு "ஒன்றும் சரியாகத் தெரியவில்லை" என்று திரும்புகிறவர்களுக்கு மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, பௌர்ணமித் திதி முடியும் நேரம். பஞ்சாங்கத்திலோ நாட்காட்டியிலோ பாருங்கள். திதி முடியும் கணத்தில்தான் சூரியனும் சந்திரனும் நேர் எதிர். அது சாயங்காலம் 6 மணியை ஒட்டி வந்தால் மறைவும் உதயமும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும். காலை 6 மணிக்கே திதி முடிந்துவிட்டால் அன்று மாலை சந்திரன் கிட்டத்தட்ட 25 நிமிடம் தாமதமாகத்தான் வரும், சூரியன் அதற்குள் போய்விடும். மறுநாள் காலை 6 மணிக்குத் திதி முடிவதாக இருந்தால் முதல் நாள் மாலை சந்திரன் 25 நிமிடம் முன்பே எழுந்து, சூரியன் மறையும்போது தொடுவானத்துக்கு மேல் 6 பாகை உயரத்தில் நிற்கும். கண்ணால் பார்க்க மிக நல்லது இந்த மூன்றாவது வகை நாள்தான். ஏனென்றால் தொடுவானத்தை ஒட்டிய புகைமூட்டத்தில் உதிக்கும் சந்திரன் முதல் சில நிமிடம் கண்ணிலேயே படாது.

இரண்டாவது, திசை. சித்திரையில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 10 முதல் 18 பாகை வரை வடக்கே தள்ளி இறங்கும். முனையிலிருந்து பார்த்தால் கோவளம், மணக்குடிப் பக்கத்துக் கரை அந்தத் திசையில்தான் நீண்டு கிடக்கிறது. கடலுக்குள் சூரியன் முங்குவதைப் பார்க்க அக்டோபரிலிருந்து மார்ச் நடுவரை உள்ள மாதங்களே ஏற்றவை.

மூன்றாவது, வானம். ஐப்பசி, கார்த்திகையில் மழைமேகம். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் எங்கள் தேர்வு மாசிப் பௌர்ணமி. சூரியன் சற்றே தெற்கே, சந்திரன் சற்றே வடக்கே, இரண்டும் திறந்த கடல்மேல். வானமும் பெரும்பாலும் வெளுத்திருக்கும். அந்த நாட்களில் சூரிய அஸ்தமனம் மாலை ஆறரையை ஒட்டி இருக்கும். மேற்கே சிவந்த வட்டம் ஒரு நெல்லிக்காயளவுக்குச் சுருங்கி முங்கும்போது, கிழக்கே வள்ளுவர் சிலைப் பக்கம் திரும்பினால் வெளிறிய ரோஜா நிறத்தில் நிலா நிற்கும். பிரகாசம் வர இன்னும் கால் மணி நேரம் ஆகும்.

நிழலே விழாத நாள் நம் ஊரில் உண்டா?

உண்டு, வருடத்துக்கு இரண்டு. ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டியும் செப்டம்பர் 1, 2 தேதிகளை ஒட்டியும், நண்பகல் 12.20 சுமாருக்கு ஒரு தம்ளரைக் கவிழ்த்துத் தரையில் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் நிழல் இருக்காது. தரை மட்டமாக இல்லாவிட்டால் சோதனை சரிவராது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளை நிழல் தெற்கே விழும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய வானியல் பாடம் கிடைக்காது.

கடற்கரை மணல் ஏன் கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிறது?

கன்னியாகுமரி அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது ஊர் சொல்லும் கதை. கனிமவியல் சொல்லும் கதையும் குறைந்ததில்லை. கறுப்பு இல்மனைட். சிவப்பு கார்னெட் என்னும் மணிக்கல் மணல். தேன் நிறத்தில் மோனசைட். இடையிடையே சிர்க்கான், ரூட்டைல், சிலிமனைட். எல்லாம் மேற்கு மலைப் பாறைகள் கரைந்து ஆற்றோடு வந்து, அலையால் புடைக்கப்பட்டவை. வெள்ளை மணலைவிட இவை ஒன்றரை முதல் இரண்டு மடங்கு எடை கூடியவை. அலை திரும்பும்போது லேசான மணலை இழுத்துப் போகிறது, கனமானது கரையிலேயே தங்கிவிடுகிறது. முறத்தில் புடைப்பது போலத்தான்.

கையால் பார்க்க ஒரு சிரட்டை போதும். கால் சிரட்டை மணல், மேலே கடல்தண்ணீர். மெல்லச் சுழற்றி விளிம்பு வழியாகத் தண்ணீரைச் சிந்தவிடுங்கள். வெள்ளை மணல் முதலில் போகும். ஏழெட்டு முறைக்குப் பிறகு அடியில் மை போலக் கறுப்பு தங்கும், அதன் ஓரத்தில் சிவப்பு ஒரு கீற்றாகப் பிரிந்து நிற்கும். வேகமாகச் சுழற்றினால் எல்லாமே கலந்து போய்விடும், பொறுமை வேண்டும். காய்ந்த மணலுக்கு அடியில் காகிதம் வைத்துக் காந்தத்தை ஓட்டினால் மேக்னடைட் துகள்கள் எழுந்து நிற்கும். இல்மனைட்டுக்குச் சாதாரண காந்தம் போதாது, வலுவான நியோடிமியம் காந்தம் வேண்டும். பார்த்த பிறகு மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள். மோனசைட் அணுக்கனிமப் பட்டியலில் உள்ளது, மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகும் பொருளில்லை.

இனி நம்ப முடியாத பகுதி. திருவிதாங்கூரிலிருந்து வெளிநாடு போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-ல் மோனசைட்டைக் கண்டார். நம் ஆட்கள் தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்துத் திரித்த கயிறு அது. அதன் நூலிடுக்கில் இருந்த ஒரு துளி மணல் அவரை மணவாளக்குறிச்சிக்கு இழுத்து வந்தது, அடுத்த ஆண்டே அங்கே மணல் ஆலை வந்தது. முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மன் உளவாளி என்று அவரைக் கைது செய்தார்கள்.

மோனசைட்டுக்கு அவ்வளவு மதிப்பு ஏன் என்றால், அதில் சுமார் 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடு. கல்யாண வீட்டில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் நினைவிருக்கிறதா? அந்தத் துணிவலையைத் தோரியம் உப்பில் தோய்ப்பார்கள். முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்துபோய்ச் சாம்பல் கூடு மட்டும் நிற்கும், அந்தக் கூடுதான் வெள்ளையாக ஒளிவிடும். ஐரோப்பிய வீதிகள் எரிவாயு விளக்கில் மின்னிய காலத்தில் அந்த ஒளியில் மணவாளக்குறிச்சி மணலும் கலந்திருந்தது.

தோரியம் இருப்பதால் இந்தக் கரையோரத்தில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பதும் உண்மைதான். ஒரு மாலை நடந்துவிட்டு வருவதற்கு அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

குளச்சல் போர்தான் ஆசியாவில் ஐரோப்பியர் தோற்ற முதல் போரா?

இல்லை. 1662-லேயே தைவானில் சீலாந்தியா கோட்டையைக் கொக்சிங்கா என்ற சீனத் தளபதி கைப்பற்றினார், தோற்றது இதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. "ஆசியாவிலேயே முதல்" என்று மேடையில் பேசினால் தெரிந்தவர் ஒருவர் எழுந்து இதைச் சொல்லிவிடுவார், பிறகு நல்ல செய்தியும் எடுபடாமல் போகும்.

நல்ல செய்தி இது. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைப் பணியவைத்தது. நடந்தது கடற்போரில்லை, கரையில் முற்றுகை. வெடிமருந்தில் தீப்பிடித்து அரிசிக் கிடங்கும் எரிந்துபோனதால் உள்ளே இருந்தவர்கள் சரணடைய வேண்டியதாயிற்று. அப்படிச் சிறைப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய். தோற்ற பக்கத்துத் தளபதி ஜெயித்த அரசனிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கி, "வலிய கப்பித்தான்" என்று பெயரெடுத்து, 1777-ல் இங்கேயே இறந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறார்கள். பத்மநாபபுரம் போகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமல் தாண்டிப் போவது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம். அரண்மனைக்கும் இதற்கும் வண்டியில் சில நிமிடந்தான்.

இதே டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்தவர்தான் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம். 1745-ல் ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். இங்கே "முதல்" என்ற சொல் சரியாகப் பொருந்துகிறது.

நெய்யூர் ஆஸ்பத்திரி டாக்டர் எவரெஸ்ட் ஏறினாராமே?

உச்சியைத் தொடவில்லை. ஆனால் நடந்தது நம்ப முடியாத அளவுக்கு உண்மை. ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1922 எவரெஸ்ட் பயணத்தில் இருந்தார். மேலரி, நார்ட்டன் ஆகியோரோடு ஆக்சிஜன் இல்லாமல் 26,985 அடி வரை ஏறினார். மனிதக் கால் 8,000 மீட்டரைத் தாண்டியது அதுதான் முதல் முறை. பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் காத்திருந்த நோயாளிக் கூட்டமும் உள்ளே இருந்த டாக்டர்களின் எண்ணிக்கையும் அவர் மனதை மாற்றின. லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூரிலேயே பல பத்தாண்டுகள் கத்தி பிடித்தார்.

1924-ல் மறுபடியும் எவரெஸ்ட். இம்முறை சுமார் 28,000 அடி. பனிக்காற்றில் தொண்டையின் உள்தோல் உரிந்து மூச்சை அடைத்துக்கொண்டது. தன் மார்பைத் தானே அழுத்தி அதை வெளியே துப்பிப் பிழைத்தார். அந்த ஆண்டு பனிக்கால ஒலிம்பிக்கில் 1922 பயணக் குழுவினருக்கு மலையேற்றத்துக்கான பதக்கம் கிடைத்தது. அதனால் நெய்யூரில் குடலிறக்கத்துக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் கத்தி பிடித்தவர் ஒலிம்பிக் பதக்கக்காரர். கேட்டால் "சும்மா அளக்காத" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொன்று. மேலரியும் இர்வினும் 1924 ஜூனில் கடைசியாக ஏறிப்போய்த் திரும்பவில்லை. உச்சியைத் தொட்டார்களா என்பதற்குச் சாட்சி மேலரி கையிலிருந்த சின்னக் கோடாக் கேமராவின் படச்சுருள். அந்தக் கேமரா சோமர்வெல் இரவல் கொடுத்தது.

வள்ளுவர் சிலை 133 அடியா, 95 அடியா?

இரண்டும் சரி. பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. அறத்துப்பாலில் 38 அதிகாரம், பொருட்பாலில் 70, இன்பத்துப்பாலில் 25. பிந்திய இரண்டையும் கூட்டினால் 95. அறத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன என்ற கருத்தைக் கணபதி ஸ்தபதி கல்லில் வைத்தார். திறந்தது 2000 ஜனவரி 1. விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்குப் போகும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது.

பழைய கல்வெட்டிலும் பத்திரத்திலும் 1100 என்று ஆண்டு இருக்கிறது. அது 900 வருடப் பழமையா?

இல்லை. இந்தத் தவறால் எத்தனையோ வீட்டுப் பத்திரங்களும் கிணற்றுக் கற்களும் "சோழர் காலத்தவை" ஆகியிருக்கின்றன. அது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. மாற்றும் முறை எளிது, ஒரே இடத்தில் கவனம் வேண்டும். கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825.

சரிபார்க்க இரண்டு தேதி: குளச்சல் போர் கொல்லம் 916 ஆடி, 825 கூட்டினால் 1741. மாவட்டம் பிறந்தது கொல்லம் 1132 ஐப்பசி, 824 கூட்டினால் 1956. எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிட்டால் ஒரு வருடம் தவறும், வாரிசு வழக்கில் அது பெரிய தொல்லை. மார்கழித் தேதிகளில் டிசம்பரா ஜனவரியா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "சிங்கம்", "கன்னி", "துலாம்" என்று ராசிப் பெயர்கள் இருந்தால் அவை முறையே ஆவணி, புரட்டாசி, ஐப்பசி.

நாகர்கோவில் நாகராஜா கோவிலில் சமணச் சிலைகள் இருக்கிறதா?

இருக்கின்றன. தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் உருவங்களைக் காணலாம். பார்சுவநாதரின் தலைக்கு மேல் படமெடுத்த பாம்பைப் பார்த்துவிட்டு நாகர் என்றே கும்பிட்டுப் போகிறவர்கள் அதிகம். சமணத்தின் முழு அழகைப் பார்க்கச் சிதறால் மலைக்குப் போக வேண்டும். அங்கே பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசை, பக்கத்திலேயே பகவதி வழிபாடு.

சுசீந்திரத்தில் கொதிக்கும் நெய்யில் கைவிடும் வழக்கம்?

கைமுக்கு என்று பெயர். குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும், வெந்தால் குற்றவாளி. கதையில்லை, நடந்த வழக்கம். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் ஒழிந்தது.

காமராஜர் நாகர்கோவில் எம்.பி.யா?

ஆம். 1967-ல் விருதுநகரில் தோற்றவரை 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் ஜெயிக்கவைத்தது. 1971-லும் இங்கேதான் ஜெயித்தார்.

வாட்ஸாப்பில் வரும் "உங்களுக்குத் தெரியுமா?" செய்தியை அனுப்பும் முன் எதைப் பார்ப்பது?

"உலகிலேயே", "முதல்", "ஒரே" என்ற மூன்று சொற்களையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். மீதியும் சுவையாக இருந்தால் பெரும்பாலும் உண்மை இருக்கும். எண் இருந்தால் அது எதன் அளவு என்று பாருங்கள். பேச்சிப்பாறை அணை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்று தினசரிகள் போடுவது நீர்மட்டக் கணக்கு, அணைச்சுவரின் உயரம் என்று அதைப் பகிர்வது தவறு. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு 28 தூண்கள், உயரம் 115 அடி. இதை "அணைக்கட்டு" என்று போட்ட படம் சுற்றுகிறது. அது மலைக்கு மலை தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய்.

பெரியவர் ஒருவர் தவறாகச் சொன்னால் சபையில் மறுக்காதீர்கள். "தாத்தா, அதுல இன்னொரு விசேஷமும் உண்டு" என்று சரியான தகவலைச் சேர்த்துச் சொன்னால் அவரே அடுத்த பந்தியில் அதைத்தான் சொல்வார்.

பிள்ளைகளோடு ஒரே நாளில் எவற்றைப் பார்க்கலாம்?

திங்கள் தவிர்த்து ஒரு நாள். காலையில் பத்மநாபபுரம் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், இரண்டு மணி நேரம் வேண்டும். அடுத்து உதயகிரிக் கோட்டை, டிலனாய் கல்லறை. மதியம் குளச்சலில் போர் நினைவுத் தூண். அங்கிருந்து கடலோரச் சாலையில் மணவாளக்குறிச்சி, முட்டம். முட்டத்தில் சிரட்டைச் சோதனை செய்யலாம், பாறைப் பக்கம் அலை ஏறும், பிள்ளைகள் கையை விடாதீர்கள். ஐந்தரைக்குள் கன்னியாகுமரி சேர்ந்துவிட்டால் அஸ்தமனத்துக்கு நேரம் இருக்கும். சிரட்டையை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.